சமயவியலை மேஜராக எடுக்கலாமா? அமெரிக்காவில் படிக்கும் எஃப்-1 மாணவரின் கேள்விகள்

கொள்ளிடக்கரை
எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, புள்ளியியல் மேஜர் (முதன்மைப் பாடம்), எஃப்-1 என்ற மாணவர் விசா. பொதுப்பாடத் தேவைக்காக ஆசியச் சமயங்கள் அறிமுகப் பாடம் எடுத்த பிறகு, ரிலிஜியஸ் ஸ்டடீஸ், அதாவது சமயவியலையும் மேஜராக எடுக்கலாமா என்று யோசனை. டிக்ளேர் பண்ண, அதாவது மேஜரை முறைப்படி அறிவிக்க, கடைசி நாள் வசந்தப் பருவ முடிவு.

கேட்க நினைப்பவை: இந்த மேஜரில் உண்மையில் என்ன படிக்கிறோம்? புள்ளியியலை விட்டுவிட்டு இதற்கு மாறுவதா, இரண்டையும் சேர்த்து எடுப்பதா? விசாவுக்குச் சிக்கல் வருமா? வீட்டில் "சாமியாராகவா போகிறாய்" என்று கேட்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வது?

நூலகப்படி
தம்பி, அறிமுகப் பாடம் பிடித்துப்போனதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அதில் புத்தர் வருவார், மகாவீரர் வருவார், லாவோட்சு வருவார். கேட்க யாருக்கும் பிடிக்கும். மேஜர் என்று இறங்கினால், இவற்றை எப்படி ஆராய்வது என்ற வாதம்தான் உங்கள் அன்றாட வேலை. அந்த வாதம் முழுதாக நடக்கும் பாடம் ஒன்று பெரும்பாலான துறைகளில் உண்டு. "சமய ஆய்வின் கோட்பாடும் முறையும்" என்பதுபோன்ற பெயரில், பெரும்பாலும் 300 வரிசையில், அதாவது மேல்நிலைப் பாடங்களில், இருக்கும். மேஜர் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் கட்டாயம்.

நிறையப் பேர் டிக்ளேர் பண்ணிவிட்டு, மூன்றாம் ஆண்டில்தான் அதற்குள் போகிறார்கள். அங்கே போன பிறகுதான் "நான் நினைத்தது இது இல்லையே" என்று தெரிகிறது. நீங்கள் அதை வரும் வசந்தப் பருவத்திலேயே, கடைசி நாளுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். முன்தேவைப் பாடம் குறுக்கே நின்றால் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி, அறிமுகப் பாடத்தில் எழுதிய நல்ல கட்டுரை ஒன்றை இணைத்து, அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்கும்.

அந்தப் பாடத்தில் என்ன இருக்கும்? சமயத்தைச் சமூகம் தன்னைத்தானே வணங்கும் வடிவமாகப் பார்த்த எமில் துர்கைம் (1912), தனிமனித அனுபவமாகப் பார்த்த வில்லியம் ஜேம்ஸ் (1902), பிறகு மாக்ஸ் வெபர், மிர்ச்சா எலியாடே. 1966-இல் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் சமயத்தைக் குறியீடுகளின் அமைப்பு என்று வரையறுத்தார். அந்த வரையறையே ஐரோப்பியப் புராட்டஸ்டன்ட் வரலாற்றிலிருந்து வந்தது, நம்பிக்கையை மையத்தில் வைத்து ஒழுகலாற்றையும் அதிகாரத்தையும் ஓரத்தில் தள்ளுகிறது என்று தலால் அசத் மறுத்தார். "சமயம்" என்ற வகைப்பாடே ஆய்வாளன் தன் வேலைக்காக உண்டாக்கிக்கொண்டது என்றார் ஜே. இசட். ஸ்மித்.

இதை வெறும் பெயர்ப் பட்டியலாகப் படித்தால் தூக்கம் வரும். ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு நேர்ச்சை செலுத்துபவர்களில் இந்துக்கள் ஏராளம். நாகூர் தர்காவின் மிக உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங். ஐயனாருக்குப் புரவியெடுப்பு நடத்தும் ஊரில் "நீங்கள் எதை நம்புகிறீர்கள்" என்று கேட்டால் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டார்கள். "என்ன செய்வீர்கள், யாருக்கு முதல் மரியாதை" என்று கேட்டால் விடிய விடியச் சொல்வார்கள். கீர்ட்ஸின் வரையறை இங்கே எதைப் பிடிக்கிறது, எதைத் தவறவிடுகிறது? இந்தக் கேள்வியோடு இரண்டு மணி நேரம் உட்கார உங்களுக்கு ஆசை இருந்தால் மேஜர் எடுங்கள். நேரே புத்தர் கதைக்குப் போய்விடலாம் என்று தோன்றினால் மைனர், அதாவது சில பாடங்கள் மட்டும் கொண்ட துணைப் பாடம், போதும்.

கணக்குப்பிள்ளை
விசா விஷயம் நான் சொல்கிறேன். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

பட்டம் முடிந்ததும் எஃப்-1 மாணவருக்குக் கிடைப்பது 12 மாத ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை செய்யும் அனுமதி. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள மேஜர் என்றால் மேலும் 24 மாதம், ஆக 36. புள்ளியியல் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சமயவியல் இல்லை. அதனால் புள்ளியியலை விட்டுவிட்டு மாறினால் இரண்டு ஆண்டு வேலைக்காலத்தை இழக்கிறீர்கள்.

இரண்டையும் டபுள் மேஜராக எடுத்தால் அந்த நீட்டிப்பு கிடைக்கும். ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

முதலாவது, இரண்டு மேஜரும் ஐ-20 தாளில், அதாவது மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சான்றில், ஏற வேண்டும். துறையில் டிக்ளேர் பண்ணினால் அது தானாக ஐ-20-க்குப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓ என்ற பொறுப்பு அலுவலரிடம் தனியாகச் சொல்லி, புதுத் தாள் வாங்கிச் சரிபார்க்க வேண்டும். மைனரை வைத்து ஸ்டெம் நீட்டிப்பு கிடைக்காது. அதனால் புள்ளியியல் மேஜராகவே இருக்கட்டும், இறக்கி மைனர் ஆக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, டபுள் மேஜர் வேறு, இரட்டைப் பட்டம் வேறு. புள்ளியியல் பிஎஸ் ஒரு கல்லூரியிலும் சமயவியல் பிஏ வேறு கல்லூரியிலும் இருந்தால், பல பல்கலைக்கழகங்கள் அதை இரண்டு பட்டமாகக் கணக்கிட்டு 120 கிரெடிட்டுக்கு (பாட அலகுக்கு) மேல் இன்னொரு 30 கேட்கும். அது ஓர் ஆண்டு கட்டணம். புள்ளியியலைப் பிஏ-வாகவே எடுக்க வழி இருக்கிறதா, அல்லது உங்கள் கல்லூரி வெளித்துறை மேஜரை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, ஒரே பாடத்தை இரண்டு மேஜருக்கும் எத்தனை வரை எண்ணலாம் என்ற வரம்பு. சமயவியலுக்கும் புள்ளியியலுக்கும் பொதுப் பாடம் அநேகமாக இருக்காது. ஆனால் சமயவியல் பாடங்கள் பொதுப்பாடத் தேவையோடு நன்றாக ஒட்டும். மிச்சம் பிடிக்க முடிவது அங்கேதான்.

பருவத்துக்கு 12 கிரெடிட் குறையக் கூடாது. இணையவழிப் பாடம் ஒன்றுதான், அதிகபட்சம் 3 கிரெடிட், அந்த 12-க்குள் எண்ணப்படும். படிப்பு முடியும் தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்தால் ஐ-20 காலாவதி ஆகும் முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். காலாவதி ஆன பிறகு போய் நின்றால் யாராலும் எளிதாகச் சரிசெய்ய முடியாது.

சீர்காழி வாசகர்
தம்பிக்கு ஒரு வார்த்தை. தேவாரம் ஓதும் குடும்பங்களில் இதைப் பற்றி ஓர் அச்சம் இருக்கிறது, அதை யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க வகுப்பறையில் நம் தெய்வங்களை வெறும் தரவாக வைத்து அறுத்துப் பார்க்கிறார்கள். 2005–06-இல் கலிஃபோர்னியா ஆறாம் வகுப்புப் பாடநூல்களில் இந்து சமயப் பகுதியைப் பற்றி எவ்வளவு பெரிய சர்ச்சை நடந்தது என்று பலருக்கு நினைவிருக்கும். இன்னொரு பக்கம், இந்தத் துறைகள் பலவும் பைபிள் கற்பிக்கத் தொடங்கப்பட்டவை. பக்தியுள்ள பிள்ளை அங்கே போய் எதை இழப்பான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத் துறை, வைணவத் துறை என்று தனித்தனியாக இருக்கின்றன. அப்படி ஒரு மரபை ஊன்றிப் படிப்பது மேலல்லவா?

நூலகப்படி
ஐயா, நியாயமான கேள்வி. வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் சொல்வது சரி, வேர் அங்கேதான். இன்று அமெரிக்கன் அகாடமி ஆஃப் ரிலிஜியன் என்று அழைக்கப்படும் அமைப்பு, 1909-இல் பைபிள் ஆசிரியர்களின் சங்கமாகத் தொடங்கியதுதான். திருப்பம் 1963-இல் வந்தது. அபிங்டன் எதிர் ஷெம்ப் வழக்கில் அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்புச் சடங்கு கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, சமயங்களைப் பற்றி மதச்சார்பற்ற கல்வியின் பகுதியாக, நடுநிலையாகப் படிப்பதில் தடையில்லை என்றும் சொன்னது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாகத்தில் சமயவியல் துறை வந்தது. அகாடமி இன்றைய பெயருக்கு மாறியதும் அந்தக் காலத்தில்தான். பின்னாளில் அதற்குத் தலைவராக இருந்தவர்களில் ஒருவர் ஆழ்வார் பாசுரங்களையும் ஸ்ரீவைணவத்தையும் ஆராய்ந்த வசுதா நாராயணன்.

அதனால் தம்பி படிக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் எந்தச் சமயத்தையும் போதிக்க முடியாது, யாரையும் வழிபாட்டில் கலந்துகொள்ளச் சொல்லவும் முடியாது. நாட்டர்டாம் போன்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் துறையின் பெயரே இறையியல். அங்கே நோக்கம் வேறு. சேரும் முன் துறையின் பெயரைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

நம்பிக்கை பற்றி: மதிப்பெண் நம்பிக்கைக்கும் இல்லை, நம்பாமைக்கும் இல்லை. நினியன் ஸ்மார்ட் என்ற சமயவியலாளர் இதற்கு ஒரு நடைமுறையை வகுத்தார். தெய்வம் உண்டா இல்லையா என்ற தீர்ப்பை வகுப்பில் ஒத்திவைத்துவிட்டு, அந்தச் சமயத்தாரின் சடங்கு, கதை, கோட்பாடு, அறம், அனுபவம், அமைப்பு, பொருள்கள் என ஏழு பக்கமாகப் பார்ப்பது. ஓதுவார் குடும்பத்துப் பிள்ளைக்குப் பதிகத்தின் பண் தெரியும், எந்தத் தலத்தில் எப்போது பாடுவார்கள் என்று தெரியும். அது வகுப்பில் பெரிய பலம். ஆனால் "எங்கள் வீட்டில் இப்படித்தான்" என்பது ஒரு சான்று மட்டுமே, முடிவான சான்று ஆகாது. அதை ஏற்கக் கடினமாக இருக்கும் பிள்ளைக்கு இந்தத் துறை உண்மையிலேயே வலிக்கும். வலிக்காது என்று நான் சொல்ல மாட்டேன்.

கலிஃபோர்னியா சர்ச்சையில் இரு தரப்புக் கடிதங்களையும் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு சமயத்தை யார் விவரிக்கலாம் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

சைவ சித்தாந்தம் ஊன்றிப் படிக்க வேண்டும் என்றால் சென்னை மேல். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அது முதுநிலையில் எடுக்கும் படிப்பு. தம்பி இளநிலையை முடித்துவிட்டும் அங்கே போகலாம்.

ஏட்டுச்சுவடி
நூலகப்படி சொன்னதில் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. கோட்பாட்டுப் பாடம் முதலில் என்கிறார். பிஎச்டி வரை போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், மொழிதான் முதலில். கோட்பாட்டை ஒரு கோடை விடுமுறையில் பிடித்துவிடலாம், மொழிக்கு மூன்று ஆண்டு வேண்டும்.

தெற்காசியச் சமயங்களில் பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும்போது, மூல மொழி ஒன்றில் இரண்டு மூன்று ஆண்டுப் பயிற்சியைத் தேர்வுக்குழு எதிர்பார்க்கும். அதற்குமேல் பிரெஞ்சு அல்லது ஜெர்மன் வாசிப்புத் தேர்வு வைக்கும் துறைகள் பல. "தமிழ் என் தாய்மொழி" என்று எழுதினால் பாதிதான் எண்ணிக்கொள்வார்கள். திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன விளக்கத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏட்டில் எழுதிய ஈடு முப்பத்தாறாயிரப்படியை எடுத்து ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். தமிழும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாளம். சமஸ்கிருதம் தெரியாமல் பாதி வரி நகராது. சைவத்தில் ஆகமங்கள் பக்கம் போனாலும் அதே கதை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருக்கும் சைவ ஏடுகள் பெரும்பாலும் கிரந்த எழுத்தில் உள்ள சமஸ்கிருதம்.

ஆகவே உங்கள் வளாகத்தில் சமஸ்கிருதம் முதலாண்டுப் பாடம் இருந்தால் அடுத்த இலையுதிர் பருவத்திலேயே தொடங்குங்கள். அது பெரும்பாலும் இலையுதிர் பருவத்தில் மட்டுமே தொடங்கும்; தவறினால் ஓர் ஆண்டு போகும். வளாகத்தில் இல்லையென்றால் விஸ்கான்சின் மேடிசனில் கோடைக்காலத் தெற்காசிய மொழிப் பயிலகம் இருக்கிறது. பழைய தமிழை வகுப்பாகப் படிக்க சிகாகோ, பெர்க்லி, பென்சில்வேனியா, ஹார்வர்ட் போன்ற இடங்கள் உண்டு. அங்கே யார் என்ன கற்பிக்கிறார்கள் என்று இப்போதே பார்த்து வையுங்கள், முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது உதவும்.

அரசு தரும் மொழி உதவித்தொகைகளில் பல அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். எஃப்-1 மாணவர் தகுதி வரியை முதலில் படிக்க வேண்டும், பிறகுதான் கட்டுரை எழுத உட்கார வேண்டும்.

நூலகப்படி
ஏட்டுச்சுவடி சொல்வது பிஎச்டி போகிறவருக்கு முழுக்கச் சரி. ஆனால் தம்பி கேட்டது மேஜர் எடுக்கலாமா என்று. சமஸ்கிருதம் ஓர் ஆண்டு படித்தால் சமஸ்கிருதம் பிடிக்கிறதா என்று தெரியும். சமயவியல் பிடிக்கிறதா என்று தெரியாது. வசந்தத்தில் கோட்பாடு, இலையுதிர் காலத்தில் மொழி என்று வைத்தால் இரண்டும் மோதாது.

துறையை எடைபோடுவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டலாக் என்கிற பாடப்பட்டியலை நம்பாதீர்கள். அதில் பத்தாண்டாக யாரும் நடத்தாத பாடங்கள் அப்படியே கிடக்கும். கடந்த நான்கு பருவ வகுப்பு அட்டவணையை எடுங்கள். 300, 400 வரிசையில் எத்தனை பாடம் உண்மையில் நடந்தது, நடத்தியவர் நிரந்தர ஆசிரியரா, ஒரு பருவத்துக்கு வந்துபோகும் ஆசிரியரா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆசியச் சமயங்களுக்கு நிரந்தர ஆசிரியர் ஒருவர்தான் என்றால், உங்கள் நான்காம் ஆண்டில் அவர் ஆய்வு விடுப்பில் போகிறாரா என்று நேரில் கேளுங்கள். கேட்பது தவறில்லை. சீனியர் தீசிஸ் என்ற இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு வழிகாட்டி இல்லாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

மேஜர் என்பது சாதாரணமாக 10 முதல் 12 பாடம், அதாவது 30 முதல் 36 கிரெடிட்: அறிமுகம் ஒன்று, வெவ்வேறு மரபுகளில் இரண்டு மூன்று, கோட்பாடு ஒன்று, மேல்நிலைக் கருத்தரங்குகள், கடைசியில் கேப்ஸ்டோன் என்ற நிறைவுப் பாடம் அல்லது தீசிஸ். டபுள் மேஜர் செய்பவருக்கு இந்த அளவு தாங்கும்.

துறையே மூடப்படுமா என்ற கேள்வியும் உண்டு. 2020 டிசம்பரில் வெர்மான்ட் பல்கலைக்கழகம் தன் சமயவியல் துறையை நிறுத்தும் திட்டத்தை அறிவித்தது. வேறு வளாகங்களிலும் இப்படிப் பேச்சு எழுகிறது. டிக்ளேர் பண்ணியவர்கள் படிப்பை முடிக்க வழிசெய்வது வழக்கம், ஆனால் பாடத் தேர்வு சுருங்கிவிடும். சிறிய துறை என்றால் தலைவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

மல்லிகைப்பந்தல்
ஒரு தாயாகக் கேட்கிறேன். இதைப் படித்து என்ன வேலை? "எல்லா வேலைக்கும் போகலாம்" என்ற பதில் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை
சரி அம்மா, நேராகவே சொல்கிறேன். இந்தப் பட்டத்தின் பெயரிலேயே ஒரு வேலை இல்லை. பிஏ சமயவியல் மட்டும் வைத்திருக்கும் எஃப்-1 மாணவருக்கு நிலைமை கடினம். ஓபிடி வேலை மேஜரோடு நேரடித் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் விசா நிலை போய்விடும். எச்-1பி என்ற வேலை விசாவுக்கு வேலையும் பட்டமும் பொருந்த வேண்டும், அங்கே இது இன்னும் கடினம். குடிமகனாக இருக்கும் பிள்ளைக்கு இந்தக் கட்டு எதுவும் இல்லை. ஆகவே ஒரே அறிவுரையை இருவருக்கும் சொல்வது தவறு.

சட்டம்: அமெரிக்கச் சட்டப் பள்ளிகள் குறிப்பிட்ட மேஜர் எதையும் கேட்பதில்லை. கடினமான வாதத்தைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் எல்சாட் என்ற சட்டப் பள்ளி நுழைவுத் தேர்வுக்கு நேராக உதவும்.

மருத்துவம்: மேஜர் எதுவானாலும் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவை ஆய்வகத்தோடு வேண்டும். எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வில் கார்ஸ் என்ற வாசிப்புப் பகுதிக்குப் பத்திகள் எடுக்கப்படும் துறைகளில் சமயமும் ஒன்று. அறிவியல் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். ஆனால் எஃப்-1 மாணவரைச் சேர்க்கும் மருத்துவப் பள்ளிகள் குறைவு என்பதையும் மறக்கக் கூடாது.

இரவுப்பணி
மருத்துவமனைச் சாப்ளின் வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஆன்மிகத் துணையாக இருக்கும் சம்பளப் பணி அது. பலர் பிஏ முடித்ததும் போகலாம் என்று நினைக்கிறார்கள், முடியாது. தொழில்முறைச் சான்றிதழுக்கு முதுநிலை வேண்டும். எம்டிவ் என்ற மூன்றாண்டு இறையியல் முதுநிலைப் படிப்பு வழக்கமான வழி. அதோடு சிபிஇ என்கிற மருத்துவமனைப் பயிற்சி நான்கு அலகு, ஒவ்வொன்றும் குறைந்தது 400 மணி நேரம். எம்டிஎஸ் என்ற இரண்டாண்டு இறையியல் முதுநிலைப் படிப்பு ஆய்வுக்கானது. சாப்ளின் ஆக விரும்புபவர் அதில் சேர்ந்துவிட்டு, பிறகு கிரெடிட் போதாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. தொடங்கும்போதே பார்த்துச் சேருங்கள்.

இந்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை. உங்கள் சமய அமைப்பு உங்களை அங்கீகரிக்கும் கடிதம் தர வேண்டும். கத்தோலிக்கருக்கு மறைமாவட்டம் இருக்கிறது. நமக்கு அப்படி ஒரு தலைமையகம் இல்லை. எந்த அமைப்பு தரும், அதைச் சான்றளிக்கும் வாரியம் ஏற்குமா என்பதை முதுநிலையின் முதல் ஆண்டிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். தேவை உண்மையானது. கடைசி நேரத்தில் வாயில் துளசித் தீர்த்தமோ கங்கை நீரோ விட வேண்டும் என்று குடும்பம் கேட்கும்போது, விழுங்க முடியாத நோயாளிக்கு எத்தனை சொட்டு, யாரிடம் கேட்பது என்று தெரிந்தவர் வார்டில் இருக்க வேண்டும்.

எண்ணும் எழுத்தும்
தம்பியின் புள்ளியியலை எல்லோரும் விசாக் கவசமாக மட்டுமே பேசுகிறீர்கள். அதுதான் அவருடைய பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சமயத்தைக் கேட்பதில்லை. கட்டாயக் கேள்வியாகக் கேட்கக் கூடாது என்று 1976-இல் சட்டமே போட்டார்கள். அதனால் அந்த நாட்டில் யார் எந்தச் சமயம் என்பது முழுக்க மாதிரி ஆய்வுகளில் நிற்கிறது. பியூ ஆய்வு மையம் 2007, 2014, 2023–24 என மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கேட்டது. 1972 முதல் ஜெனரல் சோஷியல் சர்வே என்ற சமூகக் கருத்தாய்வு நடக்கிறது. இவற்றையும் இன்னும் பல தரவுத் தொகுப்புகளையும் ஆர்டா என்ற காப்பகத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். 35 ஆயிரம் பேரில் இந்துக்கள் சில நூறு பேர்தான் வருவார்கள். அதில் தமிழர் எத்தனை? ஒரு சதவீதத்தைச் சொல்லும் முன் பிழை வீச்சைக் கணக்கிட வேண்டும், எடையிட்ட மாதிரி என்பதால் சாதாரணச் சூத்திரம் வீச்சைக் குறைத்துக் காட்டும். இது உங்கள் புள்ளியியல் பக்கம். "எத்தனை முறை வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போகிறீர்கள்" என்ற கேள்வியே ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வீட்டுப் பூசையறையில் தினமும் விளக்கேற்றுபவர் அதற்கு "ஆண்டுக்குச் சில முறை" என்று பதில் தருவார், பக்தி குறைந்தவர் கணக்கில் போய்விடுவார். இது உங்கள் சமயவியல் பக்கம். அசத் கீர்ட்ஸிடம் கேட்ட கேள்வியை அப்படியே ஒரு கேள்வித்தாளிடம் கேட்கிறீர்கள்.

2021-இல் பியூ வெளியிட்ட இந்திய ஆய்வு சுமார் 30 ஆயிரம் பேரிடம் 17 மொழிகளில் நடந்தது. அதன் தமிழ்க் கேள்விகளை எடுத்து, எந்தக் கேள்வி நம் ஊரில் வேறு பொருளில் புரிந்துகொள்ளப்படும் என்று ஆராய்ந்தாலே ஒரு சீனியர் தீசிஸ் ஆகிவிடும். கேள்வித்தாள் வடிவமைப்பு தெரிந்த புள்ளியியல்காரருக்கு ஆய்வு நிறுவனங்களிலும் பொதுச் சுகாதாரத்திலும் வேலை இருக்கிறது. அந்த வேலை ஸ்டெம் மேஜரோடு பொருந்தும் என்பதால் கணக்குப்பிள்ளையும் மகிழ்வார்.

ஏட்டுச்சுவடி
இது நல்ல வழி. என் மொழி வாதத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். இந்தப் பாதையில் சமஸ்கிருதம் அவசரமில்லை.

கட்டுரை எழுதுவது பற்றி மட்டும் ஒன்று. நம் பிள்ளைகள் முதல் கட்டுரையில் மதிப்பெண் இழக்கும் வாக்கியம் "இந்து மதம் சொல்கிறது" என்று தொடங்கும். மதம் எதையும் சொல்லாது. எந்த நூல், எந்த ஊர், எந்த நூற்றாண்டு, சொன்னவர் யார், யாருக்குச் சொன்னார் என்று வர வேண்டும். "இந்து மதத்தில் பெண்கள் கருவறையில் பூசை செய்யக் கூடாது" என்று எழுதினால், மேல்மருவத்தூரில் பெண்களே கருவறையில் பூசை செய்கிறார்களே என்று ஓரத்தில் சிவப்பு மையில் வரும். "ஆகம வழிப் பூசை நடக்கும் கோயில்களில்" என்று தொடங்கி, ஆகமத்தின் பெயரைக் குறித்து, விலக்கையும் அடுத்த வரியிலேயே பேசினால் அதே கருத்து நிற்கும். வாரம் 100 பக்கம் வாசிப்பு சாதாரணம். எல்லா வரியையும் படிக்க முயலாமல், ஆசிரியர் யாரை மறுக்கிறார் என்பதை முதல் ஐந்து பக்கத்தில் கண்டுபிடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

சீர்காழி வாசகர்
என் கேள்விக்கு நூலகப்படி மழுப்பாமல் பதில் சொன்னதற்கு நன்றி. வலிக்கும் என்று ஒப்புக்கொண்டதால்தான் மற்றதை நம்ப முடிகிறது. தரவாகப் பார்ப்பதில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஆனால் பூசையறை விளக்கைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று வாதாட அங்கே நம் பிள்ளை ஒருவன் இருப்பது தேவை என்று தோன்றுகிறது.

கொள்ளிடக்கரை
எல்லோருக்கும் நன்றி. வசந்தப் பருவத்துக்குக் கோட்பாட்டுப் பாடம் பதிவு செய்ய ஆசிரியருக்கு இன்று எழுதுகிறேன். பிஏ புள்ளியியல் வழி பற்றிக் கல்லூரி ஆலோசகரிடமும், ஐ-20 பற்றி டிஎஸ்ஓ-விடமும் கேட்கிறேன். கடைசியாக ஒன்று. எண்ணும் எழுத்தும் அண்ணா சொன்ன கேள்வித்தாள் யோசனையை, அருகில் உள்ள முருகன் கோயிலுக்கு வருபவர்களிடம் பேசிச் சோதிக்கலாமா? அதற்கு அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?

எண்ணும் எழுத்தும்
வாங்க வேண்டும், பேசத் தொடங்கும் முன்பே. மனிதரிடம் தகவல் திரட்டும் ஆய்வுக்கு ஐஆர்பி என்ற ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. வகுப்புக்குள் மட்டும் நிற்கும் பயிற்சி என்றால் பல வளாகங்களில் விலக்கு உண்டு; ஆனால் தீசிஸாக வெளியே வரப்போகிறது என்றால் விலக்கு என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது, குழு சொல்ல வேண்டும். ஒப்புதலுக்கு முன் திரட்டிய பேட்டிகளைப் பின்னர் பயன்படுத்த முடியாது.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் சிட்டி என்ற ஆய்வு நெறிமுறை இணையப் பயிற்சி, சில மணி நேரம் ஆகும். பிறகு மேற்பார்வை ஆசிரியர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். மாணவர் தனியாக விண்ணப்பிக்க முடியாது. கேள்விகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும், ஒப்புதல் படிவத்தை இரு மொழியிலும் இணையுங்கள். தமிழ்ப் படிவம் இல்லாததால் திருப்பி அனுப்புவது வழக்கம், அதில் வாரக்கணக்கில் போகும். 18 வயதுக்குக் கீழ் யாரையும் சேர்க்காதீர்கள், பெற்றோர் ஒப்புதல் தனியாக வேண்டிவரும். விசா நிலை, சாதி பற்றிய கேள்விகள் இருந்தால் குழு கூடுதலாக ஆராயும். முதல் ஆய்வில் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

கோயில் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி தனியாக வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். அர்ச்சனை வரிசையில் நிற்பவரை நிறுத்திக் கேட்காதீர்கள். பிரசாதம் வாங்கிக்கொண்டு அன்னதானக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் பதினைந்து நிமிடம் பேசுவார்கள். தைப்பூச நாளைத் தவிருங்கள், அன்று கூட்டம் வேறு, பதிலும் வேறு. சாதாரண வெள்ளிக்கிழமை இரண்டு, சாதாரண ஞாயிறு இரண்டு என்று எடுங்கள்.